வில்லியம் மார்ஷல்

வில்லியம் மார்ஷல் (1146 அல்லது 1147 – மே 14, 1219) நடுக்கால இங்கிலாந்தைச் சேர்ந்த படைவீரரும், பிரபுவும், அரசியலாளரும் ஆவார். பெம்புரோக் ஏர்ல் என்ற பட்டத்தைப் பெற்ற இவர், இரண்டாம் ஹென்றி, அவரது மகன் இளைய ஹென்றி, முதலாம் ரிச்சர்ட், ஜான், மூன்றாம் ஹென்றி ஆகிய முடிசூடிய ஐவரிடம் பணியாற்றினார். நிலமோ செல்வமோ இல்லாத நான்காவது மகனாகப் பிறந்த இவர், தம் வாழ்நாளின் இறுதி மூன்று ஆண்டுகளில் ஒன்பது வயதுச் சிறுவனான மூன்றாம் ஹென்றியின் அரசப் பிரதிநிதியாக இருந்து நாட்டை ஆண்டார். அக்காலத்தில் பிரெஞ்சுப் படைகளை இங்கிலாந்திலிருந்து வெளியேறச் செய்ததும், செல்லாது என்று அறிவிக்கப்பட்டிருந்த மாக்னா கார்ட்டா உரிமைப் பட்டயத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டதும் இவரது முதன்மையான பணிகளாகக் கருதப்படுகின்றன.

பெயர்க் காரணம்

"மார்ஷல்" என்பது தொடக்கத்தில் குடும்பப் பெயரன்று. அது ஓர் அரண்மனைப் பதவியின் பெயர். அரசரின் குதிரை லாயங்களையும் அரண்மனைக் காவல் ஒழுங்கையும் கவனிப்பவரை இச்சொல் குறித்தது. வில்லியத்தின் பாட்டனார் காலம் முதல் இப்பதவி இவரது குடும்பத்தில் பரம்பரையாக இருந்து வந்தது. தமையன் ஜான் 1194 இல் வாரிசின்றி இறந்தபோது பதவி வில்லியத்தை அடைந்தது. இவரது புகழின் காரணமாகப் பதவிப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

பிறப்பும் இளமையும்

வில்லியத்தின் தந்தை ஜான் பிட்ஸ்கில்பர்ட் சிறு பிரபுக்களுள் ஒருவர். தாய் சிபில், சாலிஸ்பரி ஏர்ல் பேட்ரிக்கின் உடன்பிறந்தவர். வில்லியம் பிறந்த காலத்தில் இங்கிலாந்தின் அரியணைக்காக மன்னர் ஸ்டீபனுக்கும் பேரரசி மட்டில்டாவுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜான் பிட்ஸ்கில்பர்ட் மட்டில்டாவின் பக்கம் நின்றார்.

1152 இல் மன்னர் ஸ்டீபன் ஜானுக்குரிய நியூபரி கோட்டையை முற்றுகையிட்டார். போர் ஓய்வு கேட்ட ஜான், அதற்கு ஈடாக ஐந்து வயது அளவிலிருந்த வில்லியத்தைப் பணயக் கைதியாக அனுப்பினார். பின்னர் அந்த ஓய்வைப் பயன்படுத்திக் கோட்டைக்குள் படையும் உணவும் சேர்த்து, கொடுத்த வாக்கை மீறினார். சிறுவனைத் தூக்கிலிடப் போவதாக மன்னர் அறிவித்தார். இதைவிடச் சிறந்த மக்களைப் பெற்றெடுக்கத் தம்மால் இயலும் என்று தந்தை மறுமொழி அனுப்பியதாகக் கூறப்படுகின்றது. எனினும் சிறுவனின் கள்ளமற்ற பேச்சில் மனமிளகிய ஸ்டீபன் அவனைக் கொல்லவில்லை. 1153 இல் அமைதி ஏற்பட்ட பின்னரே வில்லியம் வீடு திரும்பினார் எனத் தெரிகின்றது. வாக்கு மீறலுக்கு விலையாகத் தம் உயிரையே இழக்கவிருந்த இச்சிறுவன், பிற்காலத்தில் வாக்குத் தவறாதவர் என்று பெயர் பெற்றது குறிப்பிடத்தக்கது.

அக்கால வழக்கப்படி மூத்த மகன்களுக்கே தந்தையின் நிலம் உரியது. இளைய மகன்கள் திருச்சபையையோ வாளையோ நம்பி வாழவேண்டியிருந்தது. ஆகவே வில்லியம் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதில் நார்மண்டியில் தாய்வழி உறவினரான வில்லியம் டி டாங்கர்வில் என்பவரது மாளிகைக்குப் போர்ப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். 1166 அளவில் அவருக்கு நைட்டு என்னும் வீரர் தகுதி வழங்கப்பட்டது.

அதே காலத்தில் டிரிங்கோர் என்ற ஊரில் நடந்த சண்டையில் அவர் திறமையாகப் போரிட்டபோதும் தம் குதிரையை இழந்தார். எதிரிகளின் குதிரைகளையோ கவசங்களையோ கைப்பற்றவும் தவறினார். வெற்றி விருந்தில் மூத்த பிரபு ஒருவர், கைப்பற்றிய பொருள்களில் ஒன்றைத் தமக்குப் பரிசாகத் தருமாறு வேடிக்கையாகக் கேட்டதும், கொடுக்க எதுவுமின்றி வில்லியம் நின்றதும் நகைப்புக்கு இடமாயின. நைட்டுத் தகுதி பெற்றபோது அணிந்த மேலங்கியை விற்றே அவர் வேறொரு குதிரை வாங்க நேர்ந்தது. போரில் வீரம் மட்டும் போதாது, வருவாயும் வேண்டும் என்ற பாடத்தை அவர் அன்று கற்றார்.

போர் விளையாட்டுகள்

12 ஆம் நூற்றாண்டின் போர் விளையாட்டு, இருவர் எதிரெதிரே குதிரையில் பாய்ந்து ஈட்டியால் மோதும் பிற்காலப் போட்டியிலிருந்து வேறுபட்டது. இரு அணிகளாகப் பிரிந்த நூற்றுக்கணக்கான குதிரை வீரர்கள், வயல்களும் ஊர்களும் அடங்கிய பரந்த நிலப்பரப்பில் நாள் முழுவதும் மோதினர். எதிரியைக் கொல்வது நோக்கமன்று. உயிருடன் பிடிப்பதே நோக்கம். பிடிபட்டவர் தம் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், அல்லது மீட்புத் தொகை செலுத்துவார். இதனால் நிலமில்லாத வீரர்களுக்கு இவ்விளையாட்டு ஒரு தொழிலாகவே அமைந்தது.

வில்லியம் இத்துறையில் தம் தலைமுறையின் முன்னணி வீரராக விளங்கினார். ரோஜர் டி கோகி என்ற வீரருடன் கூட்டுச் சேர்ந்து, வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாட்டுடன் பல போட்டிகளில் கலந்துகொண்டார். பத்து மாதங்களில் இவ்விருவரும் 103 வீரர்களைப் பிடித்தனர் என்று கணக்கு எழுதப்பட்டுள்ளது. தம் வாழ்நாளில் 500 வீரர்களைப் பிடித்ததாக வில்லியம் இறுதிக் காலத்தில் கூறியதாகவும் குறிப்பு உண்டு.

ஒருமுறை போட்டி முடிந்து பரிசு வழங்க அவரைத் தேடியவர்கள் ஒரு கொல்லன் பட்டறையில் அவரைக் கண்டனர். அடிகளால் நசுங்கிக் கழற்ற முடியாமற்போன தலைக்கவசத்தை அகற்றுவதற்காக, அவர் பட்டடைக்கல்லில் தலையை வைத்திருக்கக் கொல்லன் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தானாம்.

இளைய ஹென்றியிடம் பணி

1168 இல் பிரான்சின் புவாட்டூ பகுதியில் அரசி எலினோரின் பாதுகாப்புக்குச் சென்ற படையை லூசிஞன் குடும்பத்தார் தாக்கினர். இதில் வில்லியத்தின் மாமன் பேட்ரிக் கொல்லப்பட்டார். வில்லியம் தொடையில் காயமுற்றுச் சிறைப்பட்டார். அரசி எலினோர் மீட்புத் தொகை செலுத்தி அவரை விடுவித்துத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். அரச குடும்பத்துடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பு இதிலிருந்து தொடங்குகின்றது.

மன்னர் இரண்டாம் ஹென்றி, தாம் உயிருடன் இருக்கும்போதே தம் மகன் ஹென்றிக்கு 1170 இல் முடிசூட்டினார். இவர் இளைய ஹென்றி என அழைக்கப்படுகின்றார். இவ்விளைஞருக்குப் போர்க்கலை கற்பிக்கும் பொறுப்பு வில்லியத்துக்கு அளிக்கப்பட்டது. முடி இருந்தும் அதிகாரம் இல்லாத இளைய ஹென்றி 1173 இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். வில்லியம் தம் இளந்தலைவரின் பக்கமே நின்றார். கிளர்ச்சி தோல்வியடைந்தபோதும் மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை.

1182 இல், இளைய ஹென்றியின் மனைவி மார்கரெட்டுடன் வில்லியத்துக்குத் தகாத உறவு இருப்பதாக அரண்மனையில் வதந்தி பரப்பப்பட்டது. தம் குற்றமின்மையை நேருக்கு நேர் போர் மூலம் மெய்ப்பிக்க அவர் வாய்ப்புக் கேட்டார். அது மறுக்கப்பட்டதால் அரண்மனையை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு இளைய ஹென்றி மீண்டும் தந்தையுடன் போரிட்டபோது அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஆனால் ஜூன் 11, 1183 அன்று, 28 ஆம் வயதில், வயிற்றுக்கடுப்பு நோயால் இளைய ஹென்றி இறந்தார். தாம் செய்வதாக உறுதியேற்று நிறைவேற்றாத சிலுவைப் பயணத்தைத் தம் சார்பில் நிறைவேற்றுமாறு அவர் வில்லியத்திடம் கேட்டுக்கொண்டார். அதன்படி எருசலேம் சென்ற வில்லியம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அப்பகுதியில் இருந்தார். தம் இறப்புக்குப் பின் டெம்ப்ளர் என்னும் போர்வீரத் துறவிகள் சபையினரிடம் அடக்கம் செய்யப்படவேண்டும் என்று அங்கு முடிவு செய்து, தம் உடலைப் போர்த்துவதற்கான பட்டுத் துணிகளையும் வாங்கி வந்தார்.

இரண்டாம் ஹென்றியும் ரிச்சர்டும்

நாடு திரும்பிய வில்லியம் முதிய மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் பணியேற்றார். 1189 இல் மன்னரின் மற்றொரு மகன் ரிச்சர்ட், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்புடன் சேர்ந்து தந்தையைத் தாக்கினார். லெ மான் நகரிலிருந்து பின்வாங்கிய மன்னரைத் துரத்தி வந்த ரிச்சர்டை வில்லியம் வழிமறித்தார். ரிச்சர்ட் அப்போது முழுக் கவசம் அணிந்திருக்கவில்லை. வில்லியம் அவரைக் கொல்லாமல் அவர் ஏறிவந்த குதிரையை ஈட்டியால் குத்திக் கொன்று துரத்தலை நிறுத்தினார்.

ஜூலை 6, 1189 அன்று சினோன் கோட்டையில் இரண்டாம் ஹென்றி இறந்தார். பலரும் கைவிட்ட நிலையிலும் வில்லியம் மன்னரின் உடலுடன் இருந்து இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்தார். புதிய மன்னரான ரிச்சர்ட், வில்லியம் தம்மைக் கொல்ல முயன்றதாகக் குறை கூறினார். ஈட்டியைத் தாம் விரும்பிய இடத்தில் பாய்ச்சும் வலிமை தமக்கு உண்டு, குதிரையைக் கொன்றது தவறென்று கருதவில்லை என்று வில்லியம் விடை கூறினார். தந்தையிடம் இறுதிவரை உண்மையாக இருந்தவர் தமக்கும் அவ்வாறே இருப்பார் என்று ரிச்சர்ட் கருதினார் போலும். அவரை மன்னித்ததோடு, தந்தை உறுதியளித்திருந்த திருமணத்தையும் நடத்தி வைத்தார்.

திருமணமும் நிலவுடைமையும்

1189 ஆகஸ்டில் வில்லியம் இசபெல் டி கிளேரை மணந்தார். இசபெல், "ஸ்ட்ராங்போ" எனப்பட்ட ரிச்சர்ட் டி கிளேருக்கும், அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசரின் மகள் ஈபாவுக்கும் பிறந்தவர். அவருக்கு அப்போது 17 வயது அளவு. வில்லியத்துக்கு 40 வயதுக்கு மேல். இத்திருமணத்தால் வேல்சின் எல்லையிலுள்ள செப்ஸ்டோ கோட்டை, அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதி முதலியன வில்லியத்தின் ஆட்சிக்கு வந்தன. நிலமற்ற வீரர் ஒரே நாளில் நாட்டின் பெரும் பிரபுக்களுள் ஒருவரானார். இவர்களுக்கு ஐந்து மகன்களும் ஐந்து மகள்களும் பிறந்தனர்.

லென்ஸ்டர் இசபெல்லின் பிறப்புரிமையாதலால், அதன் ஆட்சியில் அவருக்கு நேரடிப் பங்கு இருந்தது. 1207 இல் மன்னர் ஜானின் கட்டளைப்படி வில்லியம் அயர்லாந்தை விட்டுச் செல்ல நேர்ந்தபோது, கருவுற்றிருந்த இசபெல் அங்கேயே தங்கினார். மன்னரின் அயர்லாந்து அதிகாரியான மெய்லர் பிட்ஸ்ஹென்றி தொடுத்த தாக்குதலை வில்லியத்தின் ஆட்கள் எதிர்த்து முறியடிக்கும் வரை இசபெல் கில்கெனியில் நிலைத்து நின்றார்.

மன்னர் ஜானுடன் உறவு

1199 ஏப்ரலில் ரிச்சர்ட் இறந்தபோது, அரியணைக்கு அவரது தம்பி ஜானும், இறந்துபோன மற்றொரு தம்பியின் மகன் ஆர்தரும் உரிமை கோரும் நிலையில் இருந்தனர். கேன்டர்பரி பேராயர் ஹியூபர்ட் வால்டர் ஆர்தரின் பக்கம் சாய்ந்தார். வில்லியம் ஜானை ஆதரித்தார். இம்முடிவுக்காகப் பின்னர் வருந்த நேரும் என்று பேராயர் எச்சரித்ததாகக் கூறப்படுகின்றது. ஜான் முடிசூடிய நாளான மே 27, 1199 அன்று வில்லியத்துக்குப் பெம்புரோக் ஏர்ல் பட்டம் அளிக்கப்பட்டது. பெம்புரோக் கோட்டையில் இன்றும் காணப்படும், ஏறத்தாழ 80 அடி உயரமுள்ள வட்டக் கோபுரம் இவரது காலத்தில் கட்டப்பட்டதாகும்.

பேராயரின் எச்சரிக்கை பலித்தது. 1204 இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னர் பிலிப் கைப்பற்றினார். அங்கிருந்த தம் நிலங்களைக் காத்துக்கொள்வதற்காக வில்லியம் 1205 இல் பிலிப்பிடம் பணிவுறுதி அளித்தார். அதன்பின், பிரான்சில் பிலிப்புக்கு எதிராகப் போரிடுமாறு ஜான் ஆணையிட்டபோது, அது தம் உறுதிமொழிக்கு முரண் என்று கூறி மறுத்தார். இரு மன்னர்களுக்கு ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முயன்ற இந்நிகழ்வு, அவரது வாழ்க்கையில் பெரிதும் விவாதிக்கப்படும் ஒன்றாகும். சினமுற்ற ஜான் அவரது இரு மூத்த மகன்களையும் பணயக் கைதிகளாகப் பெற்றுக்கொண்டார். தம் இளமையில் தாம் இருந்த அதே நிலையில் தம் பிள்ளைகளையும் விடவேண்டிய கட்டாயம் வில்லியத்துக்கு ஏற்பட்டது. ஆயினும் அவர் கிளர்ச்சி செய்யவில்லை. 1212 ஆம் ஆண்டுக்குப் பின் ஜானின் நிலை வலுவிழந்தபோது, இருவரும் மீண்டும் இணக்கமாயினர்.

1215 இல் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தபோது வில்லியம் மன்னரின் சார்பில் பேச்சுவார்த்தை நடத்தினார். அவ்வாண்டு ஜூன் 15 நாளிட்ட மாக்னா கார்ட்டாவில், மன்னருக்கு அறிவுரை கூறியவர்களாகக் குறிக்கப்பட்ட, திருச்சபை சாராத பிரபுக்களின் வரிசையில் இவரது பெயரே முதலில் உள்ளது. இவரது மூத்த மகன் வில்லியமோ எதிரணியில், பட்டயத்தை நடைமுறைப்படுத்தக் கண்காணித்த 25 பிரபுக்களில் ஒருவராக இருந்தார்.

அரசப் பிரதிநிதி

மாக்னா கார்ட்டாவைத் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் சில வாரங்களிலேயே செல்லாது என அறிவித்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. கிளர்ச்சிப் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை இங்கிலாந்தின் அரியணைக்கு அழைத்தனர். அவர் 1216 மே மாதம் படையுடன் வந்திறங்கி, இலண்டன் உட்படப் பெரும்பகுதியைப் பிடித்தார். இந்நிலையில் 1216 அக்டோபரில் ஜான் இறந்தார்.

அவரது ஒன்பது வயது மகன் ஹென்றிக்கு அக்டோபர் 28 அன்று குளோஸ்டரில் அவசரமாக முடிசூட்டப்பட்டது. முடிசூட்டுக்கு முன் சிறுவனுக்கு நைட்டுத் தகுதி அளித்தவர் வில்லியம் ஆவார். ஏறக்குறைய எழுபது வயதான தமக்கு இப்பொறுப்பைத் தாங்க இயலாது என்று முதலில் தயங்கிய அவர், இறுதியில் அரசருக்கும் அரசுக்கும் காப்பாளர் என்ற பொறுப்பை ஏற்றார். எல்லோரும் கைவிட்டாலும் சிறுவனைத் தோளில் சுமந்து நாடு நாடாகச் செல்வேன் என்ற பொருள்பட அவர் கூறியதாகக் குறிப்பு உள்ளது. கருவூலம் வெறுமையாக இருந்ததால் அரச அணிகலன்களையும் பட்டாடைகளையும் கொடுத்தே படையினரின் ஊதியத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

பட்டயத்தின் மறுவெளியீடு

1216 நவம்பரில், திருத்தந்தையின் தூதர் குவாலாவின் இசைவுடன், மாக்னா கார்ட்டா திருத்தங்களுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. மன்னரைக் கண்காணிக்கும் 25 பிரபுக்கள் குழு பற்றிய விதி முதலியன நீக்கப்பட்டன. சிறுவன் மன்னருக்குத் தனி முத்திரை இன்மையால் வில்லியம், குவாலா ஆகியோரின் முத்திரைகள் அதில் இடப்பட்டன. 1215 இல் மன்னரிடமிருந்து வற்புறுத்திப் பெறப்பட்ட பட்டயம், இப்போது அரசே விரும்பி அளித்த உறுதியாக மாறியது. கிளர்ச்சியாளர்கள் எதற்காகப் போரிட்டார்களோ அதை அரசு தானே வழங்கிவிட்டதால், பிரெஞ்சு இளவரசரைத் தொடர்ந்து ஆதரிக்கும் காரணம் பலருக்கும் வலுவிழந்தது.

லிங்கன் போர்

1217 இல் லூயி தம் படையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதி டோவர் கோட்டையையும் மற்றொரு பகுதி லிங்கன் கோட்டையையும் முற்றுகையிட்டன. லிங்கன் கோட்டையை நிக்கோலா டி லா ஹே என்ற மூத்த பெண்மணி காத்து வந்தார். எதிரியின் படை பிரிந்திருப்பதே தக்க தருணம் எனக் கண்ட வில்லியம், மே 20, 1217 அன்று லிங்கனைத் தாக்கினார். அரச படையில் ஏறத்தாழ 400 நைட்டுகளும் 300க்கு மேற்பட்ட குறுக்குவில் வீரர்களும் இருந்தனர். முதிர்ந்த வில்லியம் தலைக்கவசம் அணியவும் மறந்து குதிரையைச் செலுத்த முற்பட்டதாகவும், பணியாள் நினைவூட்டியதாகவும் கூறப்படுகின்றது.

குறுக்குவில் வீரர்கள் கோட்டைக்குள் புகுந்து மதில்மேலிருந்து எய்ய, குதிரைப்படை நகர வாயில் வழியாக நுழைந்தது. பிரெஞ்சுத் தளபதி பெர்ஷ் கோமகன் கொல்லப்பட்டார். பல பிரபுக்கள் சிறைப்பட்டனர். உயர்குடியினரில் உயிரிழந்தோர் மிகச் சிலரே. ஆனால் வெற்றிக்குப் பின் அரச படையினர் நகரைச் சூறையாடினர். தப்பியோட முயன்ற பெண்களும் குழந்தைகளும் படகுகள் கவிழ்ந்து ஆற்றில் மூழ்கி இறந்தனர்.

ஆகஸ்ட் 24 அன்று சாண்ட்விச் அருகே நடந்த கடற்போரில் லூயிக்கு வந்த உதவிக் கப்பற்படையும் முறியடிக்கப்பட்டது. செப்டம்பரில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. லூயிக்கு 10,000 மார்க்குகள் கொடுத்து நாட்டைவிட்டு அனுப்பினர். இது அளவுக்கு மீறிய தளர்வு என்று பின்னாளில் குறை கூறப்பட்டது. ஆனால் போரை விரைவாக முடித்து, பிரிந்தவர்களை மீண்டும் இணைப்பதே வில்லியத்தின் நோக்கமாக இருந்தது. 1217 நவம்பரில் பட்டயம் மறுபடியும் வெளியிடப்பட்டது. அப்போது காடுகள் தொடர்பான விதிகள் தனிப் பட்டயமாக்கப்பட்டன. அதிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே, "பெரும் பட்டயம்" எனப் பொருள்படும் மாக்னா கார்ட்டா என்ற பெயர் வழக்கில் வந்தது.

இறுதி நாட்கள்

1219 தொடக்கத்தில் நோயுற்ற வில்லியம், தேம்ஸ் ஆற்றங்கரையில் கேவர்ஷாமில் இருந்த தம் மாளிகைக்குச் சென்றார். எந்தவொரு பிரபுவிடமும் மன்னரை ஒப்படைத்தால் பூசல் எழும் எனக் கருதி, திருத்தந்தையின் புதிய தூதர் பண்டல்பின் பொறுப்பில் அவரை விட்டார்.

போர் விளையாட்டுகளில் பெற்ற பொருள்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாலன்றி வீடுபேறு இல்லை என்று திருச்சபையினர் கூறியபோது, அது இயலாத செயல் என்று அவர் மறுத்துவிட்டார். சேமிப்பிலுள்ள ஆடைகளை விற்றுத் தம் ஆன்மாவுக்காகச் செலவிடலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அவை தம் வீரர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கவேண்டியவை என்றார். பின்னர் மனைவியிடம் விடைபெற்று டெம்ப்ளர் சபையில் சேர்ந்தார். மே 14, 1219 அன்று உயிர் நீத்தார். எருசலேமிலிருந்து கொண்டுவந்த பட்டால் போர்த்தப்பட்டு, இலண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு இவருடையது எனக் கருதப்படும் கல்லுருவம் உள்ளது. 1941 இல் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அது சேதமடைந்தது.

வழித்தோன்றல்கள்

வில்லியத்தின் ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பெம்புரோக் ஏர்ல் ஆகும் உரிமையை அடைந்தனர். எனினும் எவருக்கும் முறையான வாரிசு பிறக்கவில்லை. தந்தைக்குப் புகழ் தந்த போர் விளையாட்டிலேயே மூன்றாம் மகன் கில்பர்ட் 1241 இல் உயிரிழந்தார். கடைசி மகன் அன்செல்ம் 1245 இல் இறந்ததும் ஆண்வழி முடிவுற்றது. நிலங்கள் ஐந்து மகள்களின் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ராபர்ட் புரூஸ், இவரது மகள் இசபெல்லின் வழியில் வந்தவராவார்.

வரலாற்றுச் சான்றும் மதிப்பீடும்

வில்லியத்தைப் பற்றி அறிவதற்கு முதன்மையான சான்று, அவர் இறந்து சில ஆண்டுகளில் பழைய பிரெஞ்சு மொழியில் இயற்றப்பட்ட "வில்லியம் மார்ஷலின் வரலாறு" என்ற செய்யுள் நூலாகும். 19,214 அடிகளைக் கொண்ட இந்நூலை, மூத்த மகனின் ஆதரவில், ஜான் என்று மட்டும் தம்மைக் குறித்துக்கொண்ட புலவர் எழுதினார். வில்லியத்துடன் நெடுநாள் உடனிருந்த ஜான் ஆப் எர்லி என்ற வீரரின் நினைவுகள் இதற்குப் பெரிதும் உதவின. பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டிருந்த இதன் கையெழுத்துப் படியைப் பிரெஞ்சு அறிஞர் பால் மேயர் 1861 இல் இலண்டன் ஏலம் ஒன்றில் கண்டார். அதை ஒரு தனியார் சேகரிப்பாளர் வாங்கிவிட்டதால் மீண்டும் பார்க்க இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மேயரின் பதிப்பு 1891 முதல் 1901 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அரசர் அல்லாத ஒருவரைப் பற்றி நடுக்காலத்தில் இத்துணை விரிவாக எழுதப்பட்டது அரிது. ஆயினும் இது குடும்பத்தார் எழுதுவித்த புகழ் நூல் என்பதை மறக்கலாகாது. சிறுவயதுப் பணயக் கதையும் அரசி மார்கரெட் பற்றிய வதந்தியும் பெரும்பாலும் இந்நூலையே ஆதாரமாகக் கொண்டவை. மேலும், தந்தையும் மகனும் எதிரெதிர் அணிகளில் நின்ற 1215 ஆம் ஆண்டை நூல் விரைவாகக் கடந்து சென்றுவிடுகின்றது. அதனால் மாக்னா கார்ட்டா தொடர்பான இவரது பங்கை அரசு ஆவணங்களிலிருந்தே அறிய வேண்டியுள்ளது.

வரலாற்றாசிரியர்களுள் ஜார்ஜ் டூபி 1984 இல் எழுதிய நூலில் இவரை நைட்டு மரபின் எடுத்துக்காட்டாகக் கண்டார். டேவிட் கிரவுச் முதலியோர், அரண்மனை அரசியலை நன்கறிந்து தம் நலனையும் பேணிக்கொண்ட ஒருவராக இவரை விளக்குகின்றனர். இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இவர் சொன்ன சொல்லைக் காப்பவர் என்ற நம்பிக்கை இவருக்கு நிலத்தையும் பட்டத்தையும் தந்தது. அதே நம்பிக்கையே 1216–17 இல் கிளர்ச்சிப் பிரபுக்கள் மன்னிப்பை ஏற்றுத் திரும்பி வரவும், இவரது முத்திரை இட்ட பட்டயம் ஏற்றுக்கொள்ளப்படவும் துணை செய்தது. 1225 இல் மூன்றாம் ஹென்றி தம் சொந்த முத்திரையுடன் வெளியிட்ட பட்டயம், 1217 ஆம் ஆண்டுப் பட்டயத்தையே பெரிதும் தழுவியதாகும். அது 1297 இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டு இங்கிலாந்தின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. அதன் சில விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன.